ஆறாவது நாற்காலி

சாந்தோம் பட்டறையின் ஓட்டு இடுக்கில் இறங்கும் காலை வெயிலில் ஆறு நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. ஐந்து, அடையாற்றுத் துரைசானியின் தாத்தா இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை. கரையான் தின்ற ஆறாவதற்குப் பதிலாக ஆரோக்கியநாதன் புதிதாக ஒன்று செய்திருக்கிறார். அதற்கு அரக்கு மெருகேற்றியவள் மருமகள் கிளாடிஸ். பரம்பரையாக ஆங்கிலேய நாற்காலி செய்யும் இந்தக் குடும்பத்தில், புதியதை ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டார் உட்கார்ந்து, சாப்பிட்டு, சண்டைபோட்டுப் பழக்கிய பிறகே பழையவற்றோடு சேர்ப்பார்கள். எது புதிது என்று துரைசானிக்குத் தெரியாவிட்டால் இனி மெருகு வேலையெல்லாம் கிளாடிஸுக்குத்தான் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். “இன்னாம்மா, உனுக்கு இப்டி வேர்த்துகினு கீது? பரீட்சை நாற்காலிக்குத்தானே, உனுக்கா?” என்று கிண்டல் வேறு. “சும்மா இருங்க மாமா” என்று இடுப்பிலிருக்கும் மகனை இறுக்கிக்கொள்கிறாள் கிளாடிஸ்.

துரைசானி கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கைப்பிடியாகத் தடவி வருகிறாள். புதிய நாற்காலியில் விரல் நிற்கிறது. தேன்நிற மெருகில் நெல்மணி அளவில் இரண்டு பல் தடங்கள், கிளாடிஸின் மகன் பல் முளைக்கையில் பதித்தவை.

“இது என் தம்பி கடிச்சது” என்கிறாள் துரைசானி, ஆயாவிடம் பழகிய தமிழில். “யுத்தத்துல போய்ட்டானே, அவன்தான்.” அவள் கட்டைவிரல் அந்தத் தடங்களை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஆரோக்கியநாதன் அரக்கு பாட்டிலை மருமகள் பக்கம் மெல்லத் தள்ளுகிறார். அதை எடுக்கக் கிளாடிஸுக்குக் கை ஒழியவில்லை. ஒரு கை மகனைச் சுமக்கிறது. மற்றது, நாற்காலியைப் பார்த்துத் தாவுகிற அவன் வாயைப் பொத்தியிருக்கிறது.