சிரித்த முகம்

“டீயாட்டி இது? கழனித்தண்ணி மாதிரி இருக்கு. வேற கொண்டா!”

ஐந்தாம் நம்பர் அறை அம்மாள் மூன்றாவது டீயையும் திருப்பி அனுப்பினாள். “இதோ மேடம்” என்று சிரித்தாள் ஜெரூஷா.

ரிசார்ட் மேனேஜ்மெண்ட் படிப்பில் அவளுக்குக் கடைசி வருஷம். குற்றாலத்து ரிசார்ட் ஒன்றில் சீசன் முடியும்வரை பயிற்சி. விருந்தாளி என்ன சொன்னாலும் ‘முடியாது’ என்று வாயில் வரக்கூடாது. வந்தால் மார்க் போச்சு. அருவியில் நனைந்த சேலையை அந்த அம்மாள் பிழியச் சொன்னபோதும் சிரித்துக்கொண்டே பிழிந்தாள்.

ஆத்திரத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்திருந்தாள். அன்றைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வேலைக்குப் போகவேண்டும் என்று அவள் கெஞ்சியதை வீட்டில் யார் கேட்டார்கள்? காப்பியை ணங்கென்று வைத்து, மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டால் வந்தவர்களே ஓடிவிடுவார்கள்.

செல்போனில் அம்மா கூப்பிட்டாள். “ஏட்டி, அவிய ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரலையாம்.”

ஜெரூஷாவுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. “ஏம்மா?”

“ஏற்கெனவே பாத்துட்டாவளாம். எவ்வளவு ஏவினாலும் சிரிச்சுக்கிட்டே செய்யுதா, இவதான் எங்க வீட்டுக்கு ஏத்த பொண்ணுன்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாவ. அப்பாவும் வாக்குக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம்.”

மேசைமேல் இன்டர்காம் அலறியது. ஐந்தாம் நம்பர்.

பழக்க தோஷம். வாய் தானாகவே, “சொல்லுங்க மேடம்” என்றது.

“மேடமாம் மேடம்! இனிமே அத்தைன்னு கூப்பிடுட்டி. அப்படியே அந்த டீயச் சீக்கிரம் கொண்டா.”