மொட்டைமாடி வரை

பெட்ரோல் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி சந்தானமேரி நடத்தும் தீயணைப்பு ஒத்திகை எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும். நகராட்சிக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் ஹோஸின் வாயில் நூலாகக் கசிந்து, அதைப் பிடித்திருப்பவனின் செருப்பைத்தான் நனைக்கும். ஹோஸ் பிடிக்கும் ஊழியன் இசக்கி மட்டும் முகம் மாறாமல், "தண்ணி பாயுது மேடம்" என்பான். "தீ அணைஞ்சாச்சு" என்று அவளும் கத்துவாள். கத்தும்போதே கண் மதிலுக்கு அப்பால், பெட்ரோல் டேங்கைப் பார்த்தபடி நிற்கும் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விடும். தீப்பிடித்தால் முதலில் போகிற வீடு அது.

நகராட்சி ஒருவழியாகப் பெரிய குழாய் பதித்து இணைப்புக் கொடுத்தபின் வந்த முதல் ஒத்திகையிலும், பழக்கதோஷத்தில் இசக்கி ஒரு கையில் ஹோஸும் மறு கையில் டீக் கப்புமாகத்தான் நின்றான். வால்வைத் திறந்தார்கள். கப் ஒரு பக்கம் பறந்தது, அவன் ஒரு பக்கம் போய் விழுந்தான். துள்ளிய ஹோஸின் மேல் மூன்று பேர் பாய்ந்து படுத்தார்கள். அதற்குள் தண்ணீர் டேங்கின் தலையைத் தாண்டி, மதிலையும் தாண்டி, அந்த மொட்டைமாடியில் சடசடவென்று கொட்டியது.

"எவம்லே அது? காயப்போட்ட வடகம் பூரா போச்சே! ஒங்க கையில கொள்ளிய வைக்க!" மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கிழித்தது.

"அடைச்சிரவா மேடம்?" சேற்றில் கிடந்தபடியே இசக்கி கேட்டான்.

சந்தானமேரி முகத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்காமல் அந்த மாடியையே பார்த்து நின்றாள்.

"கொஞ்சம் பொறு இசக்கி. அந்தக்கா திட்டி முடிக்கட்டும்."