துப்பாக்கி உயரத் தோல்

தோளில் கயிறு அறுத்த இடம் நெருப்பாய் எரிய, மூன்று நாள் நடந்து மலையிறங்கிய மாசன், நீர்நாய்த் தோல்களைக் கிட்டங்கி வாசலில் இறக்கினான். கிட்டங்கி முதலாளியிடம் கடனாக வாங்கிய துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு அவன் தோல் அடுக்கித் தர வேண்டும். அதுவரை அவன் பெண்டாட்டி கெப்பி கிட்டங்கியிலேயே கிடந்து தோல் சுரண்டுவாள். அதுதான் பேச்சு. மாசன் ஒவ்வொரு தோலையும் உதறி, மயிர் புசுபுசுவென்று நிற்க அடுக்கினான். அடுக்கு துப்பாக்கியைத் தாண்டி ஒரு சாண் நின்றது. கெப்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அடடே, மெத்தையாட்டம் இருக்கேடா!" என்று வந்த முதலாளி அனந்தப்பர், தொந்தியும் தானுமாக அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

"எந்திரிங்க சாமி, அளந்துரலாம்."

"அளக்கத்தாண்டா உக்காந்திருக்கேன். காத்துக்கா நான் துப்பாக்கி குடுத்தேன்? இந்தக் கிட்டங்கியே உக்காந்து உக்காந்து சம்பாதிச்சதுடா."

அவர் எழுந்தபோது தோல்கள் அப்பளமாய்ப் படிந்து கிடந்தன. மாசன் காலில் விழுந்தான்.

"அவளுக்கு இது எட்டாம் மாசம் சாமி. புள்ள எங்க குடியிலதான் பொறக்கணும்."

அனந்தப்பர் குனிந்து, துப்பாக்கியோரமாக நிதானமாய் விரல் வைத்துப் பார்த்தார்.

"பொறக்கட்டும், யாரு வேணாங்குறா? இன்னும் நாலு விரல் தோல் பாக்கி."