எஞ்சின் பதில் சொல்லவில்லை

"ஸ்கேனரே சொல்லுதே, எஞ்சின்கிட்டேயிருந்து பதில் வரலைன்னு. இன்னும் என்னத்தைப் பாக்கணும்? எஞ்சின் கம்ப்யூட்டர் போச்சு. புதுசு வர பத்து நாள் ஆகும்" என்றார் எங்கள் கார் ஒர்க்ஷாப் ஃபோர்மேன்.

வண்டிக்காரர் கொதித்துப் போனார். "பத்து நாளா? நாளையிலேர்ந்து பேத்தியை நான்தான் ஸ்கூல்ல கொண்டுபோய் விடுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வண்டி இன்னைக்கே வேணும்."

"பத்து நாள்தானே, ஆகட்டுமே" என்றார் அவர் மனைவி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. கார் வயர் கம்பெனியில இருபது வருஷம் டேப் சுத்துனவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

அந்த அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். எனக்குத்தான் அந்த மனிதர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"சார், ஒரு அரை மணி நேரம் குடுங்க. நான் பாக்கறேன்" என்றேன் ஃபோர்மேனிடம். அந்த வாரத்தோடு என் பயிற்சிக்காலம் முடிகிறது. எனக்கு வேலை உண்டா இல்லையா என்று எழுதித் தர வேண்டியவர் அவர்தான்.

"ஏன், காலேஜ்ல மந்திரம் ஏதாவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"போன் அடிச்சு ஒருத்தர் எடுக்கலைன்னா, ஆளே போயிட்டார்னு அர்த்தமில்லையே சார். லைன் அறுந்திருக்கலாம்."

வண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். "தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. பாக்கட்டும் விடுங்க."

"தம்பி இல்ல சார். பொண்ணு."

"ஓ, தொப்பி போட்டிருக்கியா, அதான் தெரியல."

நான் தொப்பி போட்டிருக்கவில்லை. அதை யோசிக்க அப்போது நேரமும் இல்லை.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரண்டே இரண்டு வயர்கள் வழியாகத்தான் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். அந்த வயர்களுக்கு நடுவே மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும்; ஒரு பக்கம் விட்டுப்போனால் அது இரட்டிப்பாகிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்து, மீட்டரை வைத்தேன்.

நூற்றிருபது.

"சார், நூத்திருபது காட்டுது! கம்ப்யூட்டர் போகல சார். லைன்தான் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கு."

ஃபோர்மேன் குனிந்து மீட்டரைப் பார்த்தார். முகத்திலிருந்த கேலி காணாமல் போனது. "எலி வேலையா இருக்கும். தேடு."

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடம். பாயைத் தூக்கினேன். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். விரலில் தட்டுப்பட்டது, இரண்டாகப் பிரிந்து தொங்கிய ஒரு கனெக்டர்.

பல் பட்ட தடம் இல்லை. துரு இல்லை. இரண்டு முனைகளிலும் தூசி போகாதபடி கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் சரியாகப் பாதியை மூடியிருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது.

இரண்டு டேப்பையும் உறை மாதிரி முழுசாக உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கனெக்டரைச் சேர்த்து அழுத்தினேன். 'டக்'.

மீட்டரில் அறுபது.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது. அடுத்த வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட ஸ்பேனரைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

"ஜாப் கார்டுல காரணத்தை எழுதிக் கொண்டா. உன் பேப்பர்லயும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் ஃபோர்மேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பாத்தியா? இதுதான் படிச்ச புள்ள" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வண்டிக்காரர் என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கார்க் கதவில் சாவியை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மறுபடியும் முயன்றார்.

"சார், அது வேற யாரோ வண்டி. சிவப்பு. உங்களுது வெள்ளை" என்றார் ஃபோர்மேன்.

"பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வச்சா இப்படித்தான்."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் காரைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த கறுப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவோ சொல்லிட்டேம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "டாக்டர்கிட்டயும் வர மாட்டேங்கிறார். பேத்தி சின்னப் புள்ள."

அதற்குள் வண்டிக்காரர் திரும்பி வந்துவிட்டார். "ஆமா, அது எப்படிக் கழண்டுச்சு? எலியா?"

ஃபோர்மேனும் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். 'எலி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வேலை நிச்சயம். அந்த அம்மாவும் தப்பித்துவிடுவார். ஆனால் நாளைக் காலையில் அந்தக் குழந்தை இந்த வண்டியில் ஏறும்.

"எலி இல்ல சார். யாரோ கழட்டி, டேப் சுத்தி வச்சிருக்காங்க."

"யாரது? குடு இங்கே."

டேப் உறையைக் கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டு, கட்டை விரலால் ஒவ்வொரு சுற்றாகத் தடவினார். கடைசிச் சுற்றில் விரல் நின்றது.

உறையை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எலிதான்" என்றார் ஃபோர்மேனிடம். "எங்க வீட்டு டீவி ரிமோட்டுக்கும் இந்த எலிதான் டேப் சுத்துச்சு."

சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "மருமகன் வந்து வண்டியை எடுத்துக்குவான்."

அப்புறம் மனைவியின் பக்கம் கையை நீட்டினார்.

"வா. கண் டாக்டர்கிட்ட போற பஸ் வந்தா, நம்பரை நீ படிச்சுச் சொல்லு."