பாலத்தில் ஓர் எறும்பு

பாலத்தின் நடுவே இரண்டு குதிரைகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. எதிரியின் முதுகைக் காணாமல் சேணத்தை விட்டு இறங்குவதில்லை என்று ஒன்றின் மேலிருந்த விடங்கன் சபதம் செய்திருந்தான். அக்கரையிலிருந்து வந்த கொற்றனும் அதே சபதத்தைச் செய்திருந்தான். சபதம் தவறினால் குதிரை கல்லாகிவிடும். முதுகைக் காட்டினால் பாலம் எதிரிக்குப் போய்விடும். இப்படியே ஏழு வருடங்கள் ஓடிவிட்டன. முதல் வருடம் வாள் வீசினார்கள். கை வலித்த பிறகு ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டார்கள். மாதம் ஒருமுறை ஒருவருக்கொருவர் முடியும் வெட்டிவிட்டார்கள், முன்பக்கம் மட்டும். பின்பக்க முடி குதிரை வாலோடு போட்டி போட்டு வளர்ந்தது.

அன்று காலை விடங்கனின் கவசத்துக்குள் ஓர் எறும்பு புகுந்து, கை எட்டாத நடு முதுகில் கடிக்க ஆரம்பித்தது.

"என்ன வீரரே, நெளியறீங்க?" என்றான் கொற்றன்.

"எறும்பு. நடு முதுகுல."

"இதுக்குப் போய் ஏன் கஷ்டப்படறீங்க? திரும்புங்க, எடுத்து விடறேன்."

எவ்வளவு கனிவான குரல். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டவனும் இவன்தான். விடங்கனுக்குக் கண் கலங்கியது. எறும்பு மறுபடி கடித்தது. உடம்பைத் திருப்பப் போனவனின் பார்வை தற்செயலாகக் கீழே போயிற்று.

சேணத்தில் தொங்கும் அங்கவடியை விட்டு ஏழு வருடமாக அசையாத கொற்றனின் கால் வெளியே வந்து, காற்றில் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.