டாக்டர் என்ன சொல்றாரு?

“டாக்டர் என்ன சொல்றாரு, ஃப்ளெமிங்?” ஆஸ்டா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

டாக்டர் பெல்லோனி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி இத்தாலியனில் பேசிக்கொண்டே போனார். ஃப்ளெமிங் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஆஸ்டாவும் அவள் கணவர் ஈவரும் பன்றிகளைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, டென்மார்க்கின் லெம்விக்கிலிருந்து பழைய வோல்வோ காரில் இரண்டு நாள் ஓட்டி வந்திருந்தார்கள். டேனிஷ் தவிர வேறு எந்த மொழியும் தெரியாதவர்கள்.

கட்டிலில் அவர்களுடைய மகன் உல்ரிக் கண்ணை மூடிக் கிடந்தான். இருபத்திரண்டு வயது. வலது கால் தொடைவரை மாவுக்கட்டில் இருந்தது.

ஃப்ளெமிங் இந்த இத்தாலிய ஊரின் கால்பந்துக் கழகத்தில், நடுக்களத்தில் ஆறு வருடமாக ஆடுகிறவன். போக்குவரத்துப் போலீஸுடன் சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்கு இத்தாலியன் பேசுவான். உல்ரிக் வந்து எட்டு மாதம்தான். அவனும் டேனிஷ்காரன், அவனுக்கும் நடுக்களம். பயிற்சியாளர் சொல்வதையெல்லாம் ஃப்ளெமிங்தான் அவனுக்கு டேனிஷில் எடுத்துச் சொல்வான்.

“இந்தக் கணுக்கால் நடக்கும். மாடிப்படி ஏறும். ஆனா பந்து ஆடாது,” என்றார் டாக்டர்.

ஃப்ளெமிங் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டே டேனிஷில் சொன்னான்.

ஆஸ்டா அழவில்லை. கைப்பையைத் திறந்து, எண்ணெய்த்தாளில் சுற்றியிருந்த கறுப்பு ரொட்டியை எடுத்தாள். ஈரல் விழுது தடவியது. மகனுக்காகக் கொண்டுவந்தது. அதை ஃப்ளெமிங்கின் கையில் வைத்தாள்.

“நீ சாப்பிடு. மூணு நாளா இவன் பக்கத்தை விட்டு நகரலையாமே. அந்த நர்ஸ் பொண்ணு கை ஜாடையிலயே சொல்லிட்டா.”

ஃப்ளெமிங் ஒரு கடி கடித்தான். ஆறு வருடம் ஏங்கிய ருசி. மீதியைத் தாளில் மடித்துப் பிடித்துக்கொண்டான்.

ஈவர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். “எப்படி ஆச்சுன்னு அவரைக் கேளுப்பா. பயிற்சியில விபத்துன்னு கழகத்துல இருந்து போன் பண்ணாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. தானா விழுந்தானா?”

ஃப்ளெமிங் கேட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஈவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் கீழே வைத்தார்.

“தானா விழுந்தா எலும்பு இப்படி உடையாது. பின்னாலேருந்து ஒரு ஆளோட முழு எடையும் இறங்கியிருக்கு. ஆபரேஷன் பண்றப்போ பார்த்தேன், தோல்ல பூட்ஸ் ஆணித் தடம் நாலு பதிஞ்சு கிடக்கு. முப்பது வருஷமா கால் எலும்பு பாக்கறேன். விபத்துன்னு என்கிட்ட சொல்லாதீங்க. யார் செஞ்சான்னு அந்தக் கழகத்துல விசாரிச்சாங்களா?”

“வழுக்கிட்டானாம்,” என்றான் ஃப்ளெமிங் டேனிஷில். “புல் ஈரமா இருந்ததாம்.”

ஈவர் சிரிக்க முயன்றார். “நம்ம ஊர்ல ஒரு வருஷம் பேசுறதை ஒரே மூச்சுல பேசினாரு. நீ ரெண்டு வரியில முடிச்சிட்டே!”

புல் ஈரமாக இல்லை. பத்து நாளாக மழையே இல்லை.

அடுத்த ஆட்டப் பருவத்துக்குக் கழகம் ஒரு பிரேசில்காரனைப் பேசி முடித்திருந்தது. ஒரு கழகத்தில் வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர்தான் ஆடலாம் என்பது அப்போதைய விதி. அப்படியென்றால் இரண்டு டேனிஷ்காரர்களில் ஒருவன் மூட்டை கட்ட வேண்டும். ஃப்ளெமிங்குக்கு முப்பத்திரண்டு வயது.

அந்த பூட்ஸ் அவனுடையது. பந்து உல்ரிக்கின் காலைவிட்டுப் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் பாய்ந்தான்.

கட்டிலில் உல்ரிக் கண்ணைத் திறந்தான்.

“டாக்டர், யாரையும் விசாரிக்க வேண்டாம். ஃப்ளெமிங் எங்கம்மா அப்பாகிட்ட சொன்னதுதான் சரி. புல் ஈரமா இருந்தது. நான்தான் வழுக்கி விழுந்தேன். அப்படியே எழுதிக்குங்க.”

இத்தாலியனில் சொன்னான். திக்கித் திணறும் இத்தாலியன் அல்ல. இந்த ஊர் மீன் சந்தையில் பேசுவது போல, கடைசி எழுத்தை விழுங்கி, சரளமாக.

டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு ஃப்ளெமிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போனார்.

ஃப்ளெமிங் ரொட்டியைக் கட்டிலோர மேசையில் வைத்தான். உல்ரிக்குக்கு இத்தாலியன் எப்போதிருந்து புரிகிறது?

‘இந்தப் பையனைச் சுற்றித்தான் இனி என் அணி’ என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. குளிர்காலம். உடை மாற்றும் அறை. உல்ரிக் ஃப்ளெமிங்கின் பக்கம் திரும்பினான். ‘நீ இன்னும் நிறையக் கத்துக்கணுமாம்’ என்று ஃப்ளெமிங் டேனிஷில் சொன்னான். உல்ரிக் அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நன்றி சொன்னான்.

அந்த மாதிரி எத்தனை நாள்.

“ஏன்டா, உனக்கு இவங்க பாஷை வருமா?” ஆஸ்டா வாய்பிளந்து மகனின் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கினாள். “அப்புறம் எதுக்கு எட்டு மாசமா இவனைச் சொல்லச் சொல்லி உயிரை வாங்கினே?”

உல்ரிக் அம்மாவைப் பார்க்கவில்லை. ஃப்ளெமிங்கைப் பார்த்தபடியே டேனிஷில் சொன்னான்.

“இவன் என்ன சொல்வான்னு கேக்கத்தாம்மா.”