மேட்டு மைதானம்

"கிரவுண்ட எறக்கணும்ங்கற பேச்ச மட்டும் அங்க எடுக்காதீங்க மேடம். கையெடுத்துக் கும்புடுறேன்."

நெய்வேலி பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறும்போது, விளையாட்டு மன்றத் தலைவர் ராஜாங்கம் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். இளவேனில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

ராஜாங்கத்தின் கடலோரச் சின்ன ஊருக்கு அவள் பேரூராட்சிப் பொறியாளராக வந்து நாற்பது நாள்தான் ஆகிறது. கையில் கிடைத்த முதல் வேலையே இந்த மைதானம்தான். போன மழைக்காலத்து வெள்ளம் கைப்பந்து மைதானத்தின் ஓரத்தை அறுத்து, படிப்பறையைச் சாய்த்து, ஊஞ்சல் கம்பிகளை வளைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. திரும்பக் கட்ட உத்தரவு வந்தாயிற்று. திங்கட்கிழமைக்குள் வரைபடம் போயாக வேண்டும்.

அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். பழைய மைதானம் ஊரைவிட ஆறடி உயரம். மழைத்தண்ணீர் அதில் நிற்க வழியில்லாமல் அப்படியே பின் தெருவுக்குள் பாய்ந்திருக்கிறது. 'பின் தெரு, பதினோரு வீடுகள், உயிரிழப்பு ஒன்று' என்று கோப்பில் ஒரே வரி. மைதானத்தைப் பள்ளமாக்கினால் தண்ணீர் அங்கேயே தங்கும், வீடுகள் தப்பும். கூட்டத்தில் இதைப் படம் போட்டு விளக்கினாள். ஊரே எதிர்த்தது. அதிலும் முதலில் எழுந்து எதிர்த்தவர்கள் பின் தெருக்காரர்கள்.

"உங்க வீட்டுக்குள்ளதானேம்மா தண்ணி வந்துச்சு?" என்று ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரிசெல்வியிடம் மறுபடியும் கேட்டாள். பின் தெருவில் மூன்றாவது வீடு அவளுடையது.

"வந்தா மாடிக்கு ஏறிக்கிறோம். ஒங்களுக்கு என்னா மேடம்?"

"மாடி இருக்கா?"

"கட்டிக்கிறோம்."

இளவேனிலுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "சரி, இப்ப பார்க்கப் போறவர் யாரு? பெரிய அதிகாரியா?"

"மைன்ஸ்ல தண்ணி எறைக்கிற செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. பேரு செல்வநாதன்" என்றார் ராஜாங்கம். "அவரு வாயால 'சரி'ன்னு ஒரு வார்த்த வரட்டும். அப்பறந்தான் அங்க கடப்பாற படும்."

செல்வநாதன் இருபத்தோராம் பிளாக்கில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். மகன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். மனிதர் தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"மேரிசெல்வி, வூடு பூசிட்டியா?"

"ஆச்சிங்கய்யா. எல்லாம் நல்லா இருக்குதுங்க."

ராஜாங்கம் மேசையில் வரைபடத்தை விரித்தார். "பழைய மாதிரியே ஒசரமாப் போட்டுடலாம்ணே. ஊரே முழுவிக் கெடந்தப்ப முந்நூறு பேரு அது மேலதான் உசுரோட படுத்துக்கினு இருந்தோம். அந்தப் பிளான்ல ஒரு கொறையும் இல்ல."

செல்வநாதன் தாளின் மேல் விரலை ஓட்டித் தேடினார். "இதுல பின் தெரு எங்க?"

"அது கெடக்குதுண்ணே, ஒரு ஓரமா."

அவர் பென்சிலை எடுத்தார். மைதானத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார். "ஊரு மட்டத்துக்குக் கீழ நாலடி எறக்கணும்."

இளவேனில் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். "நான் இதத்தான் சார் பதினஞ்சு நாளா சொல்லிட்டிருக்கேன்!"

"என்னண்ணே நீங்க!" ராஜாங்கம் பதறினார். "புள்ளைங்க வெளையாடுற எடம். வாலிபாலுக்குப் பதிலா பரிசல் உடச் சொல்றீங்களா?"

"மழைக்கு ஒரு மாசம் தண்ணிக்கு உட்டுடு. பதினோரு மாசம் வெளையாடட்டும். படிப்பறையப் பெருசாத் தூண் மேல தூக்கிக் கட்டு. முந்நூறு பேரும் அங்க படுக்கலாம்."

"பழையதே போதும்ணே. நல்லாத்தான இருந்துது?"

"நல்லா இருந்துதா?" என்று கேட்டார் செல்வநாதன்.

இளவேனிலுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு உயிர் போயிருக்கு சார். யாரு, என்னன்னு கேட்டா இவங்க பேச்சை மாத்துறாங்க. செத்தவங்க மேல கொஞ்சங்கூட இரக்கமே இல்ல."

"போதும் மேடம்." மேரிசெல்வி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"என்ன போதும்? அந்தப் பழைய பிளானப் போட்ட ஆளு, தண்ணி எங்க போகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாரா?"

ராஜாங்கம் சடாரென்று எழுந்து வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். "கெளம்பலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சி."

"உக்காரு ராஜாங்கம்." செல்வநாதன் பென்சிலைக் கீழே வைத்தார். இளவேனில் பக்கம் திரும்பியபோது அவர் குரலில் கோபம் இல்லை.

"யோசிக்கலம்மா. மைன்ஸ்ல மெஷின் நிக்கற எடத்த ஒசத்திட்டா நம்ம வேல முடிஞ்சிது. தண்ணி கீழ ஓடிடும். கீழ பம்பு வச்சிருப்போம். முப்பத்தி நாலு வருஷத்துப் பழக்கம். அதே பழக்கத்துல இவங்க ஊருக்கும் ஒசத்தி வரஞ்சி குடுத்துட்டேன். அங்க கீழ பம்பு இல்லம்மா. என் பொண்ணு ஷைனி வூடுதான் இருந்துது."

மேரிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அழுகை வெடித்து வந்தது.

"ஷைனி செத்தது அந்த ஒசரத்தாலதான்னு ஒங்களுக்குத் தெரியவே கூடாதுன்னுதானேய்யா, பின் தெரு மொத்தமும் சேந்து அது ஒசரமாவே இருக்கட்டும்னோம்!"